ஸூம் எச்4என் பதிவுகளை லப்டொப்புக்கு எடுப்பது: ட்ரைவ் தெரியவில்லை, ஒரு ஃபைல் 0 பைட்

உவர்மலை_வயலின்:

வணக்கம். வீட்டு வகுப்புப் பிள்ளைகளின் தேவாரப் பயிற்சி, நவராத்திரிக்கு வீட்டில் வைத்த சின்னக் கச்சேரிகள் எல்லாம் ஒரு ஸூம் எச்4என் ரெக்கோடரில் கிடக்கின்றன. 16 ஜிபி எஸ்டி கார்ட், ஏறக்குறைய நிறைந்துவிட்டது. இவற்றை வின்டோஸ் 10 லப்டொப்புக்கு எடுத்து, கொஞ்சம் துப்புரவாக்கி, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும். நிற்கும் இடங்கள் இவை:

யூஎஸ்பி வயரைப் பொருத்தினால் ரெக்கோடரின் திரை ஒளிர்கிறது, ஆனால் லப்டொப்பில் புதிய ட்ரைவ் எதுவும் வருவதில்லை.

கார்டை நேரே லப்டொப்பில் போட்டால் ஃபோல்டர்கள் தெரிகின்றன. 4சிஎச் ஃபோல்டரில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு ஃபைல். ஒன்றின் பெயர் 'ஐ' என்று முடிகிறது, மற்றது 'எம்' என்று. எம்டிஆர் ஃபோல்டரில், ஒரு வயலினுக்கு மேல் இன்னொரு வயலின் வாசித்துப் பதிந்தவை துண்டு துண்டாக இருக்கின்றன. நாலு ட்ராக் என்றால் நாலு ஃபைல்தானே இருக்க வேண்டும்? ஏழு இருக்கிறது.

கச்சேரியின் கடைசி ஃபைல் 0 பைட் என்று காட்டுகிறது. பதியும்போதே பற்றரி இறங்கிவிட்டது. கார்டைப் போட்டதும் 'ஸ்கேன் அன்ட் ஃபிக்ஸ்' செய்யட்டுமா என்று வின்டோஸ் கேட்கிறது. இன்னும் ஒன்றும் அமத்தவில்லை.

ஒரு ஃபைலைப் போனில் உள்ள எடிட்டிங் அப்பில் திறந்தால் சுருதி இறங்கிக் கேட்கிறது. பாடியது 5 கட்டையில்.

—

ஒலித்தட்டு:

ரீச்சர், அமத்தாமல் விட்டது நல்லது. 'ஸ்கேன் அன்ட் ஃபிக்ஸ்' பெட்டியை அப்படியே மூடிவிடுங்கள். அந்தக் கார்டில் இனி ஒரு வினாடிகூடப் பதிய வேண்டாம். ரெக்கோடருக்கு வேறு கார்ட் போடுங்கள். 0 பைட் ஃபைலின் ஒலி பெரும்பாலும் கார்டில்தான் இருக்கும். அதை மீட்கும் வேலையை நிலாவெளி_நேரலை நன்றாகச் சொல்வார், அவருக்கு விடுகிறேன்.

கார்டின் ஓரத்தில் ஒரு குட்டித் தள்ளி இருக்கிறது பாருங்கள். அதை 'லொக்' பக்கம் தள்ளிவிட்டு லப்டொப்பில் போடுங்கள். பிறகு வின்டோஸ் அதில் எதையும் எழுதாது, தெரியாமல் அழிக்கவும் முடியாது. ரெக்கோடரில் திரும்பப் போடும்போது மறக்காமல் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 'கார்ட் ப்ரொடெக்ட்' என்று நிற்கும்.

வயர் விஷயம். எச்4என் இல் இருப்பது மினி-பி துளை, போனுக்குப் போடும் மைக்ரோ அல்ல. யூஎஸ்பி 2.0 வயருக்குள் நாலு கம்பி இருக்க வேண்டும்: இரண்டு கரண்டுக்கு, இரண்டு தரவுக்கு. லைட், சின்ன ஸ்பீக்கர் போன்றவற்றோடு வரும் வயர்களில் கரண்ட் கம்பி இரண்டு மட்டும்தான் இருக்கும். திரை ஒளிரும், ட்ரைவ் வராது. பழைய டிஜிட்டல் கமரா, பழைய வெளி ஹார்ட் டிஸ்க், பிளேஸ்டேஷன் 3 கன்ட்ரோலர் ஆகியவற்றோடு வந்த வயர் சரிவரும். திருகோணமலை என்.சி. வீதிக் கடைகளில் கேட்கும்போது 'பழைய கமரா வயர்' என்று கேட்டால் சுலபமாக எடுத்துத் தருவார்கள்.

வயர் நல்லதாக இருந்தும் ட்ரைவ் வராவிட்டால் ரெக்கோடரின் மெனுவைப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி என்ற இடத்தில் இரண்டு தெரிவு உண்டு: 'ஸ்டோரேஜ்', 'ஓடியோ ஐ/எஃப்'. இரண்டாவதில் இருந்தால் ரெக்கோடர் ஒரு மைக் போலத்தான் லப்டொப்புக்குத் தெரியும், ட்ரைவாக அல்ல. வின்டோஸின் சவுண்ட் செற்றிங்கில் புதிதாக ஒரு மைக் வந்திருந்தால் வயரில் குறை இல்லை, தெரிவுதான் பிழை என்று பிடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னாலும், என் பேச்சைக் கேட்டால் வயரையே விட்டுவிடுங்கள். கார்ட் ரீடர்தான் நல்லது. ரெக்கோடரின் துளை தளராது, கொப்பி நடுவே பற்றரி இறங்கும் பயம் இல்லை, லொக் பண்ணிய கார்டிலிருந்தே எடுக்கலாம். வினாடிக்கு 20 எம்பி வாசிக்கும் சாதாரண ரீடரில் 16 ஜிபி முழுவதும் எடுக்கக் கால் மணித்தியாலம் போதும்.

ஃபைல்களைத் தனித்தனியாகத் தெரிந்து இழுக்காதீர்கள். கார்டில் உள்ள எல்லா ஃபோல்டரையும் அப்படியே, பெயர் மாற்றாமல், திகதி போட்ட ஒரே ஃபோல்டருக்குள் கொப்பி பண்ணுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் 'ப்ரொப்பர்ட்டீஸ்' பார்த்து ஃபைல் எண்ணிக்கையையும் 'சைஸ்' என்ற பைட் கணக்கையும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஒன் டிஸ்க்' ஒத்துவராது. கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் இடம் பிரிக்கும் அளவு வேறு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெராகொப்பி என்ற கொப்பி பண்ணும் சொஃப்ட்வெயர் போட்டிருந்தால் 'வெரிஃபை' கொடுங்கள், அது ஒவ்வொரு ஃபைலையும் திரும்ப வாசித்துச் சரிபார்க்கும். இந்தக் கொப்பி கைபடாமல் இருக்கட்டும். வெட்டுவது ஒட்டுவது எல்லாம் இன்னொரு கொப்பியில்.

இனி அந்த இரட்டை ஃபைல்கள். 4சிஎச் முறையில் 'எம்' என்பது ரெக்கோடரின் தலையில் உள்ள மைக் பிடித்தது, 'ஐ' என்பது கீழே இரண்டு துளைகளில் வெளியே இருந்து கொடுத்தது. இரண்டும் ஸ்டீரியோ, இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கியவை. ஓடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் சொஃப்ட்வெயரில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, 0 இல் இருந்து வைத்தால் போதும். ஆனால் அப்படியே கலந்தால் ஒலி குழாய்க்குள் இருந்து வரும் மாதிரிக் கேட்கலாம். காரணம் தூரம். ஒலி ஒரு மீற்றர் போக ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் எடுக்கும். வயலினில் கவ்விய மைக் உடனே பிடிக்கும். 3 மீற்றர் தள்ளி மேசையில் உள்ள ரெக்கோடருக்கு அது 9 மில்லிசெக்கன் பிந்தி வரும். அலை வடிவத்தைப் பெரிதாக்கி, ஒரு மிருதங்கத் தட்டையோ வில் தொடும் இடத்தையோ இரண்டிலும் கண்டுபிடித்து, 'எம்' ட்ராக்கை அந்தளவு இடப்பக்கமாக முன்னே தள்ளுங்கள். பிறகு கிட்ட மைக்கை முதன்மையாக வைத்து 'எம்' ஐ 6 முதல் 10 டெசிபெல் குறைவாகக் கலந்தால் அறையின் ஒலியும் வரும், சொல்லும் தெளிவாக நிற்கும்.

'ஐ' ஃபைலில் ஒரு காதில் மட்டும் கேட்டால் பழுது அல்ல. ஒரே மைக்கை முதல் துளையில் போட்டிருப்பீர்கள், அது இடப்பக்கம் மட்டும் பதிந்திருக்கும். 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து வெறுமையான பக்கத்தை நீக்குங்கள்.

எம்டிஆர் இல் ஏழு ஃபைல் வந்ததற்குக் காரணம், 'ரெக் மோட்' என்ற செற்றிங் 'ஆல்வேஸ் நியூ' இல் இருந்திருக்கும். திரும்பப் பதிந்த ஒவ்வொரு தடவையும் புதிய ஃபைல். பழையது அழியாமல் ஃபோல்டரிலேயே கிடக்கும். எந்த ஃபைல் எந்த ட்ராக்கில் நிற்கிறது, வொல்யூம் எவ்வளவு, இடமா வலமா என்ற விபரம் எல்லாம் ரெக்கோடரின் ப்ரொஜெக்ட் ஃபைலில் இருக்கும், அதைக் கொம்பியூட்டர் வாசிக்காது. அதனால் மீட்பு வேலை முடிந்த பிறகு ரெக்கோடரிலேயே அந்த ப்ரொஜெக்டைத் திறந்து, 'பவுன்ஸ்' செய்து ஒரே ஸ்டீரியோ ஃபைலாக எடுங்கள். ட்ராக்குகள் தனித்தனியாக வேண்டும் என்றால், எந்த ட்ராக்கில் எந்தப் பெயர் நிற்கிறது என்று திரையைப் பார்த்துக் கடதாசியில் குறித்துக்கொண்டு அந்த வேவ் ஃபைல்களை மட்டும் எடுங்கள். பவுன்ஸுக்குக் கார்டில் இடம் வேண்டும். நிறைந்த கார்டில் அது நின்றுவிடும். கொம்பியூட்டரில் உள்ள கொப்பியை வேறு பெரிய கார்டில் போட்டு, அதில் செய்வதே வசதி. அந்தக் கார்டை முதலில் ரெக்கோடரிலேயே ஃபோர்மட் செய்யுங்கள். எச்4என் 32 ஜிபி வரைதான் ஏற்கும்.

சுருதி இறங்கியது: 48 கிலோஹேர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 சாம்பிள் என்ற வேகத்தில்) பதிந்ததை அந்த அப் 44.1 என்று எடுத்து ஓட்டுகிறது. கணக்குப் பார்த்தால் ஒன்றரை அரைச்சுரம் கீழே போகும், 5 கட்டை 4 கட்டைக்கும் 4½ கட்டைக்கும் நடுவே எந்தக் கட்டையும் இல்லாத இடத்தில் நிற்கும். நேரத்தையும் பாருங்கள், 60 நிமிடப் பதிவு 65 நிமிடம் 18 வினாடியாக நீண்டிருந்தால் இதுதான் நோய். ஃபைலில் குறை இல்லை. ஓடாசிட்டி சாதாரண வேவ் ஃபைலின் வேகத்தைத் தானே வாசித்துச் சரியாக ஓட்டும். பிழையான வேகத்தோடு ஒரு ட்ராக் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டால், ட்ராக்கின் பெயர் மெனுவில் 'ரேட்' ஐ 48000 ஆக்குங்கள். 'ரீசாம்பிள்' அல்ல; அது பிழையை அப்படியே நிரந்தரமாக்கிவிடும். 'சேஞ்ச் பிட்ச்' போட்டுத் தூக்குவதும் வேண்டாத வேலை, கமகம் எல்லாம் உடைந்து கேட்கும்.

—

வெள்ளைமணல்:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ரெக்கோடரின் ஹெட்போன் துளையிலிருந்து லப்டொப்பின் மைக் துளைக்கு ஒரு வயர். இங்கால ப்ளே, அங்கால ரெக்கோட். எல்லா ரெக்கோடருக்கும் சரிவரும்.

—

ஒலித்தட்டு:

நானா, சரிவரும், ஆனால் நட்டம் கூட. இப்போது வரும் லப்டொப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே துளை. அதில் மைக் பக்கம் மோனோ. ஸ்டீரியோ அங்கேயே போய்விடும். அந்தத் துளை எதிர்பார்ப்பது மைக்கின் சில மில்லிவோல்ட். ரெக்கோடர் கொடுப்பது அதைவிடப் பல மடங்கு, உச்சங்கள் வெட்டுப்படும். வின்டோஸ் 'ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்' என்று ஒன்றை வைத்திருக்கிறது, அது தொடர்ந்து கேட்கும் சுருதிப்பெட்டியை இரைச்சல் என்று நினைத்து விழுங்கும். இதற்கு மேல், பத்து மணித்தியாலப் பதிவை எடுக்கப் பத்து மணித்தியாலம் காவல் இருக்க வேண்டும்.

கார்டும் இல்லை, யூஎஸ்பியும் இறந்துவிட்டது என்ற பழைய செற்றுக்கு மட்டும் இந்த வழி. அப்போதும் லப்டொப்பின் துளையில் போடாமல், பெஹ்ரிங்கர் யூசிஏ202 போல ஆர்சிஏ 'லைன் இன்' உள்ள ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்ட் எடுங்கள். ஒரு பக்கம் 3.5 மிமீ ஸ்டீரியோ, மறுபக்கம் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ என்ற வயர். மிகச் சத்தமான இடத்தை முதலில் ஓட்டி, உச்சம் -6 டெசிபெல்லைத் தாண்டாமல் ரெக்கோடரின் வொல்யூமை நிறுத்துங்கள். ம்ம்ம் என்று 50 ஹேர்ட்ஸ் முழக்கம் வந்தால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

—

நிலாவெளி_நேரலை:

அந்த 0 பைட் கதைக்கு வாறன்.

ரெக்கோடர் பதியேக்க ஒலியைக் கார்டில எழுதிக்கொண்டே போகும். ஆனால் 'இந்த ஃபைல் இவ்வளவு நீளம்' எண்ட கணக்கைச் சரியா எழுதுறது ஸ்டொப் அமத்தினாப் பிறகுதான். இடையில கரண்ட் போனால் ஒலி இருக்கும், கணக்கு இருக்காது, வின்டோஸ் 0 எண்டு காட்டும். அதே கார்டில புதுசாப் பதிஞ்சால் அந்த இடம் வெறும் இடம் எண்டு நினைச்சு மேலால எழுதுப்படலாம். அதுதான் முதலே பதிய வேண்டாம் எண்டு சொன்னது.

முதல் வேலை, கார்டின்ர முழுப் பிரதி. வின்32 டிஸ்க் இமேஜர் எண்ட இலவச சொஃப்ட்வெயரில கார்டின்ர ட்ரைவ் எழுத்தைத் தெரிஞ்சு, ஹார்ட் டிஸ்க்கில ஒரு ஃபைல் பெயர் குடுத்து 'ரீட்' அமத்துங்கோ. 'ரைட்' இல்லை! அதை அமத்தினால் எல்லாம் போச்சு. 16 ஜிபி கார்டுக்கு ஹார்ட் டிஸ்க்கில 16 ஜிபி இடம் வேணும். பிரதி எடுத்து முடிய, கார்டை ஒரு கவரில போட்டு வைச்சிடுங்கோ. இனி எல்லாம் பிரதியிலதான்.

அடுத்தது ஃபோட்டோரெக், தொலைஞ்ச ஃபைலுகளை மீட்கிற இலவச சொஃப்ட்வெயர். பெயரைப் பார்த்துப் படத்துக்கு மட்டும் எண்டு நினைக்க வேண்டாம், வேவ் ஃபைலும் தேடும். டெஸ்ட்டிஸ்க் எண்ட பொதியோட வரும், அதில க்யூஃபோட்டோரெக் எண்டதைத் திறந்தால் கறுப்புத் திரை இல்லாமல் செய்யலாம். பிரதி ஃபைலைச் சேர்த்து, ஃபற்32 பிரிவைத் தெரிஞ்சு, 'ஃபைல் ஃபோர்மற்ஸ்' இல எல்லாத்தையும் கழற்றிப்போட்டு 'ரிஃப்' எண்டதை மட்டும் வையுங்கோ. 'ஃப்ரீ' இல்லை, 'ஹோல்' எண்டதைத் தெரியுங்கோ. பாதியில நிண்ட ஃபைலின்ர இடம் சில நேரம் 'பாவனையில் உள்ளது' எண்டு குறிபட்டிருக்கும், 'ஃப்ரீ' அதைத் தாண்டிப் போயிடும். வாற ஃபைலுகளுக்குப் பழைய பெயர் இராது, எழுத்தும் இலக்கமுமா இருக்கும். நல்ல ஃபைலுகளும் சேர்ந்து வரும். அளவை வைச்சுக் கொப்பியோட ஒப்பிட்டு, கொப்பியில இல்லாததைத் தேடுங்கோ.

அதில வராட்டில், இல்லாட்டி சின்னத் துண்டாத்தான் வந்தால், பிரதியை இன்னொரு கார்டில எழுதுங்கோ (இப்பதான் 'ரைட்', ட்ரைவ் எழுத்தை இரண்டு தரம் பார்த்து). அந்த இரண்டாவது கார்டில 'ஸ்கேன் அன்ட் ஃபிக்ஸ்' குடுங்கோ. ஃபவுண்ட்.000 எண்டு மறைஞ்ச ஃபோல்டர் ஒண்டு வரலாம், அதுக்குள்ள சிஎச்கே எண்டு முடியிற ஃபைல். பெரிசா இருந்தால் அதுதான் உங்கட கச்சேரி. முதல் கார்டிலேயே இதைச் செய்தால் என்ன எண்டு கேட்பீங்கள். அது ஃபோட்டோரெக் தேடுற தடயத்தையும் குழப்பிப்போடும், திரும்பிப் போக வழியில்லை.

அந்த ஃபைலைச் சாதாரணமாத் திறக்க ஏலாது. ஓடாசிட்டியில 'ஃபைல் > இம்போர்ட் > ரோ டேட்டா'. 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில பதிஞ்சிருந்தால்: சைன்ட் 24 பிட் பிசிஎம், லிற்றில் எண்டியன், 2 சனல் ஸ்டீரியோ, ஸ்டார்ட் ஒஃப்செற் 44, ரேட் 48000. கூட இருக்கிற நல்ல ஃபைல் ஒண்டின்ர ப்ரொப்பர்ட்டீஸில 'பிட் ரேட்' 2304 கேபிபிஎஸ் எண்டு இருந்தால் இந்தக் கணக்குத்தான்.

திறந்தால் 'சாஆஆ' எண்டு முழு இரைச்சல் வருதோ? பயப்படாதேங்கோ. 24 பிட் ஸ்டீரியோவில இடம் வலம் சேர்ந்த ஒவ்வொரு சாம்பிளும் 6 பைட். தொடக்கம் ஒரு பைட் தள்ளினாலே எல்லாம் இரைச்சலாப் போகும். ஒஃப்செற்றை 0, 1, 2, 3, 4, 5 எண்டு மாத்திப் பாருங்கோ, இரண்டு எண்ணில பாட்டு வரும். ஒண்டில இடமும் வலமும் மாறி நிக்கும், மற்றதை எடுங்கோ. 16 பிட் எண்டால் 4 பைட், 0 தொடக்கம் 3 வரை பார்த்தால் காணும். தொடக்கத்தில ஒரு சின்ன 'டிக்' சத்தம் வரும், அது ஃபைலின்ர தலைப்பு; வெட்டி எறியுங்கோ. கடைசிச் சில வினாடி வராது, அது கார்டுக்குப் போக முதல் ரெக்கோடரின்ர நினைவிலேயே கரண்டோட போனது.

இனிமேல் வராமல் இருக்க: மெனுவில பற்றரி வகை எண்டு ஒண்டு இருக்கு. சார்ஜ் பண்ணுற பற்றரி 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5. வகையைப் பிழையா விட்டால் திரையில மிச்சம் காட்டுறது பொய்க் கணக்கு. கச்சேரிக்கு 5 வோல்ட் அடப்டரில ஓட்டுங்கோ, உள்ளுக்குப் பற்றரியும் இருக்கட்டும். கரண்ட் கட் ஆனால் தொடர்ந்து ஓடும். அதோட ஒவ்வொரு உருப்படி முடியவும் ஸ்டொப் அமத்தித் திரும்பத் தொடங்குங்கோ. போனால் ஒரு பாட்டுத்தான் போகும்.

—

டச்பே_கிற்றார்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது டஸ்காம் டிபி-008. கார்டைக் கொம்பியூட்டரில் போட்டால் சில வெறும் ஃபோல்டர்தான் தெரிகிறது, பாட்டு ஒன்றும் இல்லை. ரெக்கோடரில் போட்டால் எல்லாம் இருக்கிறது. அதற்கும் இந்த மீட்பு வேலைதானா?

—

ஒலித்தட்டு:

இல்லைத் தம்பி, உங்கள் கார்டில் ஒன்றும் பழுதில்லை. அந்த மெஷின் கார்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று எம்டிஆர் பிரிவு: பாட்டுகள் அதற்குள்தான், டஸ்காமின் சொந்த முறையில். கொம்பியூட்டருக்கு அது தெரியாது. மற்றது ஃபற் பிரிவு: கொம்பியூட்டர் பார்ப்பது இதை மட்டும். கார்ட் ரீடரில் போட்டு 'ஃபோர்மட் செய்ய வேண்டும்' என்று வின்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆம் என்றால் பாட்டெல்லாம் அதோடு சரி. இந்த மெஷினுக்கு ரீடரைவிட யூஎஸ்பி வயர்தான் பாதுகாப்பு, எச்4என் க்குச் சொன்னதற்கு நேர் எதிர்.

பாட்டை ரெக்கோடரில் திறந்து, மெனுவில் 'எக்ஸ்போர்ட்' க்குப் போய், ட்ராக் ட்ராக்காக ஃபற் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். முழுக்கலவை வேண்டும் என்றால் முதலில் மாஸ்டர் ட்ராக்கைப் பதிந்து முடியுங்கள், மாஸ்டர் இல்லாத பாட்டுக்கு மாஸ்டர் எக்ஸ்போர்ட் வராது. பிறகு யூஎஸ்பியில் பொருத்தினால் 'வேவ்' ஃபோல்டரில் இருக்கும். 44.1 கிலோஹேர்ட்ஸ் 16 பிட் மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 5.3 எம்பி. எட்டு ட்ராக்கும் நிறைந்த 5 நிமிடப் பாட்டு 210 எம்பி அளவில் வரும். ஃபற் பிரிவில் இடம் போதாவிட்டால் ஒரு பாட்டை எடுத்து, கொம்பியூட்டருக்கு மாற்றி, அதை அழித்துவிட்டு அடுத்ததை அனுப்புங்கள்.

'பக்கப்' என்ற தெரிவும் மெனுவில் உண்டு. அது பாட்டைக் காத்து வைப்பதற்கு நல்லது, ஆனால் அந்த ஃபைலைக் கொம்பியூட்டரில் கேட்க முடியாது; திரும்ப டஸ்காமில் ஏற்றினால்தான் பாட்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

—

உவர்மலை_வயலின்:

எல்லோருக்கும் நன்றி. மெனுவில் 'ஓடியோ ஐ/எஃப்' தான் நின்றது. சிஎச்கே ஃபைல் ஒன்று கிடைத்தது, ஒஃப்செற் 2 இல் பாட்டு வந்துவிட்டது. இனி ஃபான் சத்தத்தை எடுப்பது எப்படி? ஓடாசிட்டியின் நொயிஸ் ரிடக்ஷன் போட்டால் சுருதிப்பெட்டியும் சேர்ந்து போய், குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிறது. அனுப்புவதற்கு எந்த ஃபோர்மட் என்றும் சொல்லுங்கள்.

—

நிலாவெளி_நேரலை:

ரீச்சர், நீங்கள் 'நொயிஸ் ப்ரொஃபைல்' எடுத்த இடத்தில சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்தத் துண்டில என்ன கேக்குதோ அதையெல்லாம் இரைச்சல் எண்டு எடுத்துக்கொள்ளும். சுருதி கேட்டால் சட்சம் பஞ்சமத்தையே அழிக்கும். சுருதிப்பெட்டி போட முதல், இல்லாட்டி நிப்பாட்டினாப் பிறகு, ஃபான் மட்டும் கேக்கிற அரை வினாடியாவது தேடுங்கோ. அதில ப்ரொஃபைல் எடுத்து, குறைப்பை 6 டெசிபெல்லில மட்டும் வையுங்கோ. 12, 18 எண்டு போனால்தான் தண்ணிச் சத்தம் வாறது. கொஞ்சம் ஃபான் மிஞ்சட்டும், பாட்டுத் தொடங்கினால் ஆருக்கும் கேக்காது. அடுத்த பதிவுக்குச் சுருதி போட முதல் பத்து வினாடி எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிப் பதிஞ்சு வையுங்கோ.

கச்சான் காற்று நாளில விறாந்தையில பதிஞ்சதுக்கு அடியில 'குபுகுபு' எண்டு ஒரு சத்தம் இருக்கும். தனிக் குரல், வயலின் எண்டால் 'ஹைபாஸ்' 80 ஹேர்ட்ஸில போட்டு எடுக்கலாம். மிருதங்கம் இருந்தால் 40க்கு மேல போகாதேங்கோ. தொப்பிப் பக்கத்துக் கும்காரம் அந்தக் கீழ் இடத்திலதான் இருக்கு, வெட்டினால் பலகையில தட்டின மாதிரித்தான் கேக்கும். ரெக்கோடரின்ர 'லோ கட்' ஐ மிருதங்கம் இருக்கேக்க நிப்பாட்டியே வையுங்கோ. பதியேக்க வெட்டினதைப் பிறகு ஒட்ட ஏலாது.

—

ஒலித்தட்டு:

அதோடு சேர்த்து: இரைச்சல் எடுத்த பிறகு 'நோர்மலைஸ்' (முழு ஒலியையும் ஒரே அளவில் தூக்குவது) -1 டெசிபெல். 'இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக' என்ற தெரிவை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாடுபவர் நடுவில் இருந்து ஒரு பக்கம் நகர்ந்துவிடுவார். உச்சம் ஏற்கெனவே தட்டையாக வெட்டுப்பட்ட இடங்களை இது சரிசெய்யாது.

ஃபோர்மட் இரண்டு வேண்டும். காத்து வைக்க ஃப்ளக்: ஒலியில் ஒன்றும் குறையாது, அளவு வேவின் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும். 48 கிலோஹேர்ட்ஸ் 24 பிட் ஸ்டீரியோ வேவ் மணித்தியாலத்துக்கு 1 ஜிபி தாண்டும், அதனால் இந்த மிச்சம் பெரிது. அனுப்ப எம்பி3, 192 கேபிபிஎஸ்: மணித்தியாலத்துக்கு 86 எம்பி. மிருதங்கம், தாளம் அதிகம் உள்ளதற்கு 256 வையுங்கள். எம்பி3 இல் எடிட் பண்ணித் திரும்ப எம்பி3 ஆகச் சேமிப்பது மட்டும் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் தேயும்.

வட்ஸ்அப்பில் 'டொக்யுமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும், ஃபைல் பெயரும் மாறாது. டேட்டா பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் பெரியவற்றை அந்த நேரத்துக்கு வையுங்கள்.

பெயர் வைக்கும்போது ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கி, பிறகு இராகம் அல்லது பதிகத்தின் தலம், பிள்ளையின் பெயர். ரெக்கோடரின் திகதியை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம். நெடுநாள் பற்றரி இல்லாமல் கிடந்தால் அதன் மணிக்கூடு பழைய தொடக்கத் திகதிக்குப் போய்விடும், எல்லாப் பதிவும் ஒரே ஆண்டு ஜனவரி 1 இல் நடந்ததாகக் காட்டும். பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றித்தான் வைக்க வேண்டும், இங்குள்ள உப்புக் காற்றுக்கு முனைகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். ஆகவே திரும்பப் போட்டதும் முதலில் திகதியைச் சரிசெய்துவிட்டுப் பதியுங்கள்.